இரு கையால் வாங்கிய வேர்

மில்டூரா,
பிப்ரவரி 9

அன்பும் வம்பும் குறையாத தொரிகா மதினிக்கு,

உன் மாமன் மகள் உனைசி எழுதுவது. இங்கே நானும் சைலோசியும் பிள்ளைகளும் சுகம். வெயில்தான் ஆளை வறுக்கிறது. நீயும் அபிசாய் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? புயலில் விழுந்த போன் கோபுரம் இன்னும் படுத்தே கிடக்கிறதா? உன்னோடு சண்டை போட ஒவ்வொரு தடவையும் தபால்தலை வாங்க வேண்டியிருக்கிறது.

ஒரு புது வேலையில் மாட்டிக்கொண்டேன். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்குத் தன் அக்காவைப் பார்க்க பெவர்லி என்றொரு அம்மாள் வருவார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். அவரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறார்கள். உண்டியல் குலுக்குவதில்லை, அரிசி மூட்டை அனுப்புவதில்லை. எம்.பி.யைப் பிடித்து உலுக்குவதுதான் வேலை. ஏழை நாடுகளுக்கு என்று ஆஸ்திரேலிய அரசாங்கம் ஒதுக்குகிற பணத்தை வெட்டாதே என்று கடிதம் எழுதுவார்கள், அப்புறம் நேரில் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

நான் ஏன் சேர்ந்தேன் தெரியுமா? இந்த வருஷம் வெட்டப்போகிறவற்றில் உங்கள் மருந்துப் படகும் இருக்கிறது. ஜூலையிலிருந்து தீவுகளுக்கு வராதாம். கேட்ட அன்றே என் பெயரைக் கொடுத்துவிட்டேன். மார்ச்சில் எங்கள் எம்.பி. டக்ளஸ் பெல்ட்டனைப் பார்க்கப் போகிறோம். பெவ் அம்மா விசில் ஊதாத குறையாகப் பயிற்சி கொடுக்கிறார். “மூணே நிமிஷம். ஒரே ஒரு கோரிக்கை. ஒரே ஒரு ஆளோட கதை. கடைசியில ‘செய்வீங்களா மாட்டீங்களா’ன்னு மூஞ்சிக்கு நேரா கேக்கணும்.” நம் ஊரில் அப்படிக் கேட்டால் செவிட்டில் விழும்.

அதனால் மதினி, அங்கே படகை நம்பியிருக்கும் ஏழை யாராவது இருந்தால் கதையை எழுதி அனுப்பு. கொஞ்சம் சோகமாக இருந்தால் நல்லது.

அண்ணனுக்கு என் வணக்கம், உனக்கு ஒரு கிள்ளு.
உனைசி


வைதாலா, கண்டாவுத் தீவு,
பிப்ரவரி 27

அடி உனைசி, ஆஸ்திரேலியா போய்ப் பெரிய மனுஷியானவளே,

நாங்கள் கர்த்தர் கிருபையால் நலம். உன் கடிதம் கடலில் குளித்துவிட்டு நேற்றுத்தான் வந்தது.

ஏழைக் கதையா வேண்டும் உனக்கு? ஊர் முழுக்கத் தேடினேன். “சேம்பு இருக்கு, மரவள்ளி இருக்கு, கடல் நிறைய மீன் இருக்கு, எவடி ஏழை?” என்று சண்டைக்கு வருகிறார்கள். போதகர் வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறது. கடைசியில் மகரேதா ஒருத்திதான் தேறினாள். அவளுக்குக் குரலில் வறுமை. இந்த ஈஸ்டருக்குப் பாடகர் குழுவில் என் வரியை அவள்தான் பாடப்போகிறாள், ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி. எனக்குத் தொண்டை சரியில்லை. வேறொன்றுமில்லை.

படகு நிற்பது நிஜம்தானா, இல்லை உன் வழக்கமான புளுகா? ஜூலை தொடக்கத்திலேயே நிற்குமா, கடைசியிலா? சரியாகக் கேட்டு எழுது.

அப்புறம், வெறுங்கையோடா போய்க் கேட்கப் போகிறாய்? உன்னை வளர்த்த லட்சணம் இதுதானா? அபிசாய் தோண்டிக் காயவைத்த யங்கோனா வேர் ஒரு கட்டு, போதகர் மனைவி மெல்பர்ன் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். முதலில் வேரை வை. அந்த ஆள் இரு கையால் வாங்கிக் கைதட்டினால் நம் பேச்சை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். பிறகு இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது, மனுஷனாக இருந்தால். உன் டீச்சரம்மாவின் மூன்று நிமிஷத்தைத் தூக்கி அடுப்பில் போடு.

சைலோசித் தம்பிக்கும் பிள்ளைகளுக்கும் முத்தம். உனக்கு இல்லை.
தொரிகா


மில்டூரா,
மார்ச் 22

மதினிக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். என்னைக் கெடுத்தவள் நீ, உனக்கென்ன!

நேற்று எம்.பி.யைப் பார்த்தோம். பெவ் அம்மா, நான், சைலோசி. இவரை ஏன் கூட்டிப்போனேன் என்று கேட்காதே. வேரை வைப்பதென்றால் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டுமே, இவர்தான் தலைவர்களுக்காகப் பேசுகிற குலமாயிற்றே என்று நினைத்தேன். புத்தி!

எங்களுக்குக் கொடுத்தது இருபது நிமிஷம். சைலோசி சட்டையை மடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். எம்.பி. திகைத்துப்போய்த் தானும் தரையில் உட்கார்ந்தார். பாவம், பெரிய உடம்பு. இவர் ஆரம்பித்தார். ஆற்றுக்கு வணக்கம், அந்த மண்ணின் பூர்வ குடிகளுக்கு வணக்கம், எம்.பி.யின் தகப்பனாருக்கு வணக்கம், திராட்சைத் தோட்டங்களுக்கு வணக்கம். எங்கள் பிழை பொறுக்க வேண்டும். வேர் சின்னது, பொறுக்க வேண்டும். வாசலில் செருப்பைக் கோணலாக விட்டோம், பொறுக்க வேண்டும். நான் விலாவில் இடித்தேன். அதற்கும் பொறுக்கச் சொன்னார்.

ஒருவழியாக எம்.பி. வேரை இரு கையாலும் வாங்கினார். நாங்கள் கைதட்டினோம், அவரும் சிரித்துக்கொண்டே தட்டினார். நான் வாயைத் திறக்கிறேன், கதவும் திறக்கிறது. உதவியாளர் டிரேசி எட்டிப் பார்த்து, “சார், தோட்டக்காரங்க சங்கம் வந்து காத்திருக்காங்க” என்றாள். அவ்வளவுதான். படகு என்ற வார்த்தையே வரவில்லை, மதினி!

வண்டி நிறுத்துமிடத்தில் பெவ் அம்மா பைக்குள் சாவியைத் தேடினார். அப்புறம், “முப்பது வருஷத்துல இவ்வளவு அழகா ஒண்ணுமே கேக்காம வந்தது இதுதான் முதல் தடவை” என்றார். வேறொரு நாள் கேட்டால் டிரேசி ஆகஸ்ட் என்கிறாள். படகோ ஜூலை முதல் வாரமே நின்றுவிடும். ஜூன் கடைசிக்குள் அமைச்சர் மனது மாறினால் உண்டு.

உன் மேல் கோபமாக இருக்கும்
உனைசி


வைதாலா,
ஏப்ரல் 10

என் தங்கமே, என் கெட்டிக்காரியே!

எல்லாரும் சுகம், சுகத்துக்கும் மேலே சுகம். இரு கையாலும் வாங்கினாரா? தரையில் உட்கார்ந்தா? கையும் தட்டினாரா? அப்புறம் என்னடி அழுகை? காரியம் முடிந்தது! சைலோசித் தம்பி வாழ்க. அந்த மாதிரி நாக்கு உனக்கு வாய்த்தது நீ செய்த புண்ணியம், அதை விலாவில் இடிக்கிறாயே.

உன் கடிதத்தை மாதர் கூட்டத்தில் வாசித்தேன். கூரை பறக்கிற மாதிரி ஆரவாரம். பெல்ட்டனுக்கு நன்றி சொல்ல வேண்டாமா? எல்லாப் பெண்களும் உட்கார்ந்து ஆளுக்கொரு கடிதம் எழுதினோம். “எங்கள் வேரை வாங்கி, படகைக் காப்பாற்ற ஒப்புக்கொண்ட ஐயாவுக்கு.” மகரேதா பாட்டே எழுதியிருக்கிறாள். பக்கத்து ஊர்க்காரிகள் கேள்விப்பட்டு அவர்களும் எழுதுகிறார்கள். மூட்டை நாளைக்குக் கப்பலேறுகிறது.

படகு ஆகஸ்ட் வரைக்குமாவது வந்தால் போதும். ஏன் ஆகஸ்ட் என்று கேட்காதே.

உன் கோபத்துக்குப் பதிலாக ஒரு டின் தேங்காயெண்ணெய் அனுப்புகிறேன், தலையில் தேய்.
தொரிகா


மில்டூரா,
ஏப்ரல் 29

ஐயோ மதினி,

சுகமா என்று கேட்கக்கூட நேரமில்லை. கடிதங்களை நிறுத்து! அந்த ஆளுக்குத் தான் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்றே தெரியாது. இங்கே வேர் என்றால் வேர்தான். அவர் அதைக் கண்ணாடி அலமாரியில் ஃபுட்பால் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். டிரேசி வரவுப் புத்தகத்தில் “மரத்துண்டு, ஒன்று” என்று எழுதியிருக்கிறாளாம். பெவ் அம்மாவிடம் உன் கடிதத்தைச் சொன்னேன். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

இன்னொன்று. போதகர் மனைவி தனக்கு ஊரிலிருந்து வந்த ஈஸ்டர் படத்தைக் காட்டினாள். பாடகர் குழுவில் உன்னைக் காணோம். ஓரத்தில், வேப்பங்காய் தின்ற முகத்தோடு, தனியாக ஒரு பாயில் உட்கார்ந்திருக்கிறாய். தொண்டை சரியில்லை, ஆகஸ்ட் வரை படகு வேண்டும். நானும் கணக்குப் போடத் தெரிந்தவள்தான். நாற்பத்தாறு வயசில் அண்ணன் உன்னைச் சும்மா விடவில்லை, அப்படித்தானே? பேத்தியும் பிள்ளையும் ஒரே தொட்டிலிலா? வெட்கங்கெட்டவளே, என்னிடம் மறைக்கிறாயே!

வயிற்றைத் தடவிக்கொண்டு உடனே பதில் எழுது.
உனைசி


மில்டூரா,
மே 18

அன்பு மதினிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கடல் சரியில்லையா, என் கிண்டல் சரியில்லையா? எப்படியானாலும் இதைக் கேள்.

உங்கள் மூட்டை வந்து சேர்ந்தது. எம்.பி. ஆபீஸிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். சைலோசியிடம் பெவ் அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார்: “நீங்க கைய மட்டும் தட்டுங்க.” உள்ளே போனால் மேஜை தெரியவில்லை, அவ்வளவு கடிதம். பெல்ட்டன் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“உட்காருங்கம்மா. நான் பார்த்தே இராத ஒரு தீவுல இருந்து பொம்பளைங்க எல்லாம் எனக்கு நன்றி சொல்றாங்க. ஒருத்தங்க பாட்டு வேற எழுதியிருக்காங்க. தயவுசெஞ்சு சொல்லுங்க, நான் எதுக்குத்தான் ஒத்துக்கிட்டேன்?”

மதினி, முப்பது வருஷத்தில் ஒரு எம்.பி. இப்படிக் கேட்டுப் பெவ் அம்மா பார்த்ததில்லையாம். நான் சொன்னேன். படகு வருகிறது, நெஞ்சைப் படம் எடுக்கிறது, மருந்து தருகிறது, ஜூலையில் நிற்கப்போகிறது. “நிக்காம இருக்க அமைச்சர்கிட்ட நீங்க பேசணும். செய்வீங்களா, மாட்டீங்களா?” மூஞ்சிக்கு நேராகக் கேட்டேன். என் காது எனக்கே சுட்டது.

அவர் அலமாரியைப் பார்த்தார். “அந்த வேரைத் திருப்பிக் கொடுத்துட்டா?”

“அது எங்களை அடிச்ச மாதிரி சார்.”

“வாங்கிட்டுச் சும்மா வெச்சிருந்தா?”

“அது அதைவிட மோசம். அதை இடிச்சு, கரைச்சு, எல்லாரும் சேர்ந்து குடிக்கணும். அப்பத்தான் பேச்சு உள்ள இறங்கும்.”

டிரேசி ஒரு சுத்தியலும் துண்டும் கொண்டுவந்தாள். நான் இடித்தேன், சைலோசி சாலட் பாத்திரத்தில் கரைத்தார். பெல்ட்டன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “மரத்தே போச்சு, நாக்கு எங்க?” என்றார். எல்லாரும் மூன்று முறை கைதட்டினோம். டிரேசியும் குடித்தாள். தோட்டக்காரர் சங்கம் வந்தது, அவர்களும் குடித்தார்கள். யங்கோனா உள்ளே இறங்கினபின் அந்த ஆபீஸில் யாருக்கும் எதற்கும் அவசரமில்லை.

போகும்போது அவர் சொன்னார்: “அமைச்சர்கிட்ட பேசறேன். பார்லிமென்ட்லயும் பேசறேன், மூணு நிமிஷம் கிடைக்கும். ஆனா எத்தனை ஆயிரம் பேர்னு சொன்னா அங்க எல்லாரும் தூங்கிடுவாங்க. எனக்கு ஒரு ஆள் வேணும். பேரோட, வெட்கப்படாம, ‘இந்தப் படகாலதான் நான் இருக்கேன்’னு சொல்ற ஆள்.”

மதினி, நர்ஸ் மெரெவாயிடம் கேட்டு ஒருவரைக் கண்டுபிடி. ஜூன் பதினைந்துக்குள் பெயர் வேண்டும். சாப்பாட்டை விடாதே, இரண்டு பேருக்குச் சாப்பிடு.

உனைசி


வைதாலா,
ஜூன் 3

உனைசி,

இங்கே எல்லாரும் சுகம். நானும் சுகத்தை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

பிள்ளையுமில்லை, தொட்டிலுமில்லை, மடச்சி. அபிசாயிடம் உன் கடிதத்தைக் காட்டினேன், மனுஷன் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். எனக்கு வந்தது காசநோய். ஜனவரி முழுக்க இருமினேன். பிப்ரவரியில் படகு வந்து படம் எடுத்து, மெரெவாய் கையோடு மாத்திரையைக் கொடுத்துவிட்டாள். ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் விழுங்க வேண்டும். நடுவில் விட்டால் அது இன்னும் முரட்டுத்தனமாகத் திரும்பி வருமாம். மாதாமாதம் மாத்திரை கொண்டுவருவது அந்தப் படகுதான். கணக்கு ஆகஸ்டில் முடிகிறது. இப்போது தெரிந்ததா ஏன் ஆகஸ்ட் என்று?

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். வெட்கம் ஒரு பக்கம். ஆனால் அது பெரிதில்லை. தெரிந்த நாளிலிருந்து ஊரே என்னிடம் மெதுவாகப் பேசியது. மகரேதாகூட! என் பாட்டை வாங்கிக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள், அவளைத் திட்டக்கூட முடியவில்லை. அபிசாய் என்னைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போய் அழுதார். உன் கடிதத்தில் மட்டும்தான் நான் நோயாளி இல்லை. என்னை வெட்கங்கெட்டவளே என்று திட்ட உலகத்தில் நீ ஒருத்திதான் மீதி இருந்தாய். உனக்கும் சொல்லிவிட்டால் நீயும் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிடுவாயோ என்று பயந்தேனடி. அதுதான் நிஜம்.

பதில் எழுதாமல் இருந்ததும் அதனால்தான். ஆனால் அந்த ஆள் வேரைக் குடித்துவிட்டார். இனி நான் ஒளிந்துகொண்டிருந்தால் அது மரியாதை இல்லை. என் பெயரைக் கொடு. தொரிகா வைதேலே, வைதாலா. நிபந்தனை உண்டு. ஏழைப் பெண் என்று சொல்லக்கூடாது. வைதாலா பாடகர் குழுவின் கீழ்க்குரல் என்று சொல்லட்டும். பிங்கோ ஆட்டத்தில் இதுவரை என்னை யாரும் ஜெயித்ததில்லை என்பதையும் சேர்க்கட்டும். போட்டோ இதனோடு இருக்கிறது. சிரிக்கிற போட்டோ. அழுகிற மாதிரி வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்.

தொரிகா


மில்டூரா,
ஜூன் 14

மதினி,

பெயரைக் கொடுத்துவிட்டேன். முதலில் மூன்று நாள் அழுதேன், அதை உனக்குக் கணக்கில் வைக்கிறேன். இப்போது முடிந்தது. கேட்டுக்கொள்:

ஏய் ஒல்லிக்குச்சி! மீன்முள்ளுக்குப் பாவாடை கட்டினவளே! போட்டோவில் உன் பல் மட்டும்தான் தெரிகிறது, பெல்ட்டன் பயந்துபோய்க் கவிழ்த்து வைத்திருக்கிறார். இருமலாவது தாளத்தோடு இருந்ததா? உன் கீழ்க்குரலுக்கு மகரேதாவின் ஆட்டுக்குட்டியே மேல் என்று தீவில் பேசிக்கொள்கிறார்களாம். மாத்திரையை ஒரு நாள் விட்டாலும் கப்பலேறி வந்து உன் காதைத் திருகுவேன்.

போதுமா? இன்னும் இருக்கிறது, அடுத்த தபாலுக்கு வைத்திருக்கிறேன்.

சத்தமாகப் பேசும்
உனைசி


மில்டூரா,
ஜூன் 28

மதினி, மதினி, மதினி!

எல்லாரும் சுகம், எல்லாரும் தலைகீழாக நிற்கிறோம்.

பெவ் அம்மா வீட்டில் எல்லாரும் கூடி டிவியில் பார்த்தோம். பெல்ட்டன் எழுந்தார். பேசுமுன் உள்ளங்கையைக் குவித்து மூன்று முறை தட்டினார். சபாநாயகர் முறைத்து, “உறுப்பினர் கை தட்டக்கூடாது” என்றார். இவர், “மன்னிக்கணும். நான் ஒரு வேரை வாங்கிட்டேன், அதுக்கு இதுதான் மரியாதை” என்றார். சைலோசி நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு உன் பெயர். முழுப் பெயர். “வைதாலா பாடகர் குழுவின் கீழ்க்குரல், பிங்கோவில் தோற்காதவர்.” சபையில் சிரிப்பு. தூங்கிக்கொண்டிருந்த ஒருத்தர் நிமிர்ந்தார். “அவருக்கு இன்னும் இரண்டு மாத மாத்திரை பாக்கி. படகு நின்றால் அதை எதில் அனுப்பலாம் என்று அமைச்சர் சொல்லட்டும், நான் அந்த அம்மாவுக்குப் பதில் எழுத வேண்டும்.” மூன்று நிமிஷத்துக்கு ஒரு மூச்சு முன்னால் உட்கார்ந்தார். பெவ் அம்மா கையிலிருந்த கடிகாரத்தைச் சோபாவில் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார்.

நேற்று அமைச்சர் அறிவித்துவிட்டார். படகு நிற்காது. இந்த வருஷமும் அடுத்த வருஷமும் வரும்!

கடற்கரைக்குப் போய் நின்று பார். நான் இங்கிருந்து கத்துவது கேட்கும். ராத்திரி ஒருத்தருக்கும் தூக்கமில்லை, சந்தோஷத்தில் அடுத்த வீட்டுக்காரருக்கும் யங்கோனா ஊற்றினோம்.

உன் உனைசி


வைதாலா,
ஆகஸ்ட் 21

அடி உனைசி,

நாங்கள் சுகம். இந்தத் தடவை எனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் கடைசி மாத்திரையை மெரெவாய் முன்னால் விழுங்கினேன். ஊரே கரையில் நின்று பார்த்தது. சளியைத் துப்பச் சொல்லிச் சோதித்து, “சுத்தம்” என்றாள். மாத்திரையால் ஆறு மாதமாக ஆரஞ்சுச் சாறு மாதிரி போய்க்கொண்டிருந்த மூத்திரம் இனி மாறிவிடுமாம், அதையும் சத்தமாகச் சொல்லித் தொலைத்தாள். அன்று மாலை பாடகர் குழுவில் மகரேதா தானாக நகர்ந்து என் இடத்தை விட்டாள். முதல் வரியிலேயே எனக்குச் சுதி போயிற்று. “இதுக்குத்தானா படகை நிறுத்தாம வெச்சாங்க!” என்று அபிசாய் பின்வரிசையிலிருந்து கத்தினார். கோயிலென்றும் பாராமல் எல்லாரும் சிரித்தார்கள். யாரும் மெதுவாகப் பேசவில்லை. அந்தச் சத்தத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது, உனைசி. நன்றி என்று ஒரே ஒரு தடவை சொல்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள். இனி கிடைக்காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அதே படகில் எனக்கு ஒரு பொட்டலம் வந்தது. பெல்ட்டன் அனுப்பியது. பிரித்தால் யங்கோனா வேர்! உங்கள் ஊர்க் கடையில் வாங்கிக் கண்டாவுக்கே அனுப்பியிருக்கிறார், கடலுக்கு மீன் அனுப்பின மாதிரி. காய்ந்து போன வேர்தான், ஆனால் ரிப்பன் கட்டியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாதர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் இரு கையால் வாங்கினேன், எல்லாரும் கைதட்டினோம், இடித்துக் குடித்தும் முடித்தோம்.

அப்புறம்தான் அடியில் ஒரு சீட்டு இருப்பதைப் பார்த்தேன். ஆமாம், சிரி. வேரை வாங்கினால் கூடவே ஒரு கோரிக்கை இருக்கும் என்று உனக்குப் பாடம் நடத்தினவள்தான் நான். அந்த ஆள் ஒரே ஒரு கோரிக்கைதான் எழுதியிருக்கிறார், உன் டீச்சரம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே. “அன்புள்ள தொரிகா அம்மாவுக்கு. உங்கள் பெண்களின் கடிதங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. டிரேசிக்கு மேஜை இல்லை. தயவுசெய்து எனக்கு எழுதுவதை நிறுத்துவீர்களா, மாட்டீர்களா?”

குடித்துவிட்டோம். என்ன செய்வது, மரியாதை மரியாதைதான். நிறுத்திவிட்டோம். ஆனால் இங்கே மாதர் கூட்டத்தில் எல்லாரும் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு உங்கள் அரசாங்கப் பணத்தில் குடிதண்ணீர்க் குழாய் வரப்போகிறது என்று சொல்லி மூன்று வருஷமாகிறது. அதையும் உங்கள் பக்கத்துத் தொகுதி எம்.பி. வெட்டச் சொல்கிறாராமே?

அவருடைய விலாசத்தை உடனே அனுப்பு. வேர் காய்ந்துகொண்டிருக்கிறது. சைலோசித் தம்பியைத் தொண்டையைச் சரிபண்ணி வைத்துக்கொள்ளச் சொல்.

உன் பிங்கோ ராணி,
தொரிகா